குறிப்புக் கட்டத்தில் எழுதியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைமாதக் குழந்தைகளின் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது கட்டுரைகள் வெளிவருகின்றன. எத்தனை கிராம் எடையில் பிறந்த குழந்தை பிழைத்தது, எந்தக் கருவி அதைக் காப்பாற்றியது என்பதையெல்லாம் அவை தெளிவாகவே விளக்குகின்றன. ஆனால் இன்குபேட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் நான் படித்த நினைவில்லை. அந்த நாற்காலியில் 53 நாட்கள் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடத்துவோரிடம் ஒரு கோரிக்கையை வைக்க இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் மகள் 29ஆவது வாரத்தில், 1,140 கிராம் எடையில் பிறந்தாள். 37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதம் என்பது மருத்துவக் கணக்கு. உலகில் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது என்றும், 2020ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை சுமார் 1 கோடியே 34 லட்சம் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இத்தனை பேருக்கு நேர்வதுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். மானிட்டர் அலறும்போது அந்தத் தேற்றல் உதவுவதில்லை. மூச்சு விட மறந்துபோன குழந்தையின் உள்ளங்காலை நர்ஸ் தேய்த்துவிட, திரையில் ஆக்சிஜன் அளவு ஒவ்வொன்றாக ஏறி வரும் வரை நம் மூச்சும் நின்றுதான் போகிறது. வீட்டுக்கு வந்து பல மாதங்கள் ஆன பிறகும் லிஃப்ட்டின் மணியோசை கேட்டால் என் கை சில்லிட்டுப் போகும்.

பால் பீய்ச்சி எடுக்கும் கணக்கை எழுத எனக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். நேரம், மில்லி, குறிப்பு என மூன்று கட்டங்கள். அதிகாலை 2.40, 15 மில்லி, 5.50, 20 மில்லி என்று எழுதிக்கொண்டே வந்தேன். குறிப்புக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு அதில், "இன்று கண் திறந்து என்னைப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது" என்று எழுதினேன். மகிழ்ந்திருக்க வேண்டிய நேரத்தில் பயந்திருக்கிறேன் என்பது எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அடுத்தடுத்த இரவுகளில் எழுத்து பொடிப்பொடியாகிக் கட்டத்தைத் தாண்டித் தாளின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. என் உடம்பால் அவளைச் சுமக்க முடியவில்லை என்ற எண்ணத்தைக் கணவரிடமோ அம்மாவிடமோ நான் சொன்னதில்லை. அந்தப் பின்பக்கத்தில்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

ஒரு வாரம் சென்றிருக்கும். கோப்பில் வைப்பதற்காகத் தாள்களை வாங்கிய ஊழியர் ஒருவர் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "இப்படியெல்லாம் நினைக்கக் கூடாதும்மா, பாசிட்டிவா இருங்க" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு ஒன்பது நாட்கள் நான் எண்களை மட்டுமே எழுதினேன்.

நான் தற்செயலாகத் தடுக்கி விழுந்த இந்தப் பழக்கத்துக்கு உளவியலில் தனி வரலாறே இருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் செய்தார்கள். ஒரு பிரிவினர் சாதாரண விஷயங்களைப் பற்றி எழுத, மற்றவர்கள் தங்கள் வாழ்வில் நேர்ந்த கசப்பான அனுபவத்தைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய தங்கள் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. அதே ஆய்வில், எழுதி முடித்த கையோடு அவர்களின் மனம் கனத்ததும் இரத்த அழுத்தம் கூடியதும் பதிவாகின. முதல் நாள் எழுதிவிட்டு அழுத பெண், இது தனக்கு ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

எங்களைப் போன்ற தாய்மார்களிடமும் இம்முறை சோதிக்கப்பட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் தாய்மார் 67 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், குழந்தை வீடு திரும்பிச் சில மாதங்கள் கழித்து எழுதியவர்களிடம், எழுதாதவர்களை விட அதிர்ச்சியின் பின்விளைவுகளும் மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்திருந்தன. குழந்தை சிகிச்சையில் இருக்கும் நாட்களிலேயே எழுதச் சொல்லி ஈரானில் செய்த ஆய்விலும் மன அழுத்தம் தணிந்தது. இவை சிறிய ஆய்வுகள்தாம். பல்வேறு மக்களிடம் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், எழுதுவதால் வரும் பயன் உண்மையானது, ஆனால் சிறியது என்றே சொல்கிறார்கள். ஒரு நோட்டும் பேனாவும் மட்டுமே செலவு என்னும்போது சிறிய பயனும் எனக்குப் பெரிதாகவே படுகிறது.

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் படும் மன அழுத்தத்தை அளக்க மார்கரெட் மைல்ஸ் என்பவரும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய வினாநிரல் ஒன்று பல நாடுகளில் பயன்படுகிறது. கருவிகளின் ஓசையும் காட்சியும், குழந்தையின் தோற்றமும் நடத்தையும், பெற்றோர் என்ற பங்கு பறிபோவது ஆகிய மூன்றையும் பற்றி அது கேட்கிறது. மூன்றாவதே தாய்மாரை அதிகம் வாட்டுகிறது என்று ஆய்வுக்கு ஆய்வு தெரியவருகிறது. அதில் வியப்பில்லை. பெற்ற குழந்தையைத் தொட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. நாப்கின் மாற்றுவதற்கும் நேரம் குறித்துத் தருகிறார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்பது என்னைவிட மற்ற எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருந்த இடத்தில், எனக்கு மட்டுமே தெரிந்தவை அந்தத் தாளில்தான் இருந்தன. தோலோடு தோல் படக் குழந்தையை அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பில் அவளை முதன்முதலாக என் மார்பில் கிடத்தியபோது அவளுடைய காது மடல் காகிதம் போல் மடிந்திருந்ததை நான் எழுதி வைத்தேன். மருத்துவக் கோப்பில் அதற்கு இடமில்லை.

பேசினால் போதாதா என்று கேட்கலாம். பேசுவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் முகம் வாடுவதைப் பார்த்து நாம் பாதியில் நிறுத்திவிடுவோம். கணவர் உடைந்துவிடுவார் என்று மனைவியும், மனைவி தாங்கமாட்டாள் என்று கணவரும் வாயை மூடிக்கொள்ளும் நாட்கள் அவை. தாளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அதோடு, எழுதும்போது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத முடியும். தலைக்குள் ஒரே நேரத்தில் சுழன்றுகொண்டிருந்தவை வரிசைக்கு வந்தாக வேண்டும். எழுதியவர்களின் சொற்களை ஆராய்ந்தபோது, நாளாக நாளாகக் காரணத்தையும் புரிதலையும் குறிக்கும் சொற்கள் கூடியவர்களுக்கே பலன் அதிகம் கிடைத்ததைப் பென்னிபேக்கர் கண்டார். என் தாள்களை இப்போது எடுத்துப் பார்த்தால், முதல் வாரம் முழுக்க "ஏன், ஏன்" என்றிருக்கிறது. "அதனால்தான்" என்ற சொல் நான்காவது வாரத்தில் வருகிறது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பால் கணக்கெழுதும் தாளைக் கொடுக்கும்போதே, ஒரு வெற்று நோட்டையும் தாய்க்குக் கொடுங்கள். நாளுக்கு 15 அல்லது 20 நிமிடம், மூன்று நான்கு நாட்கள், எழுத்துப்பிழையோ கையெழுத்தோ பற்றிக் கவலைப்படாமல், நடந்ததையும் அது மனத்துக்குள் செய்ததையும் எழுதலாம் என்று ஒரு செவிலியர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். எழுத வராதவர்கள் கைபேசியில் தங்கள் குரலைப் பதிவு செய்துகொள்ளட்டும். விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தக் கூடாது. ஒன்றைப் பற்றி எழுதினால் நிலைகுலைந்துவிடுவோம் என்று தோன்றினால் அதை எழுதாமல் விட்டுவிட வேண்டும் என்பது இம்முறையை உருவாக்கியவர்களே சொல்லும் விதி.

நோட்டைக் கொடுத்துவிட்டதோடு கடமை முடிந்தது என்று எந்த நிர்வாகமும் நினைத்துவிடவும் கூடாது. தூக்கமே இல்லாதவள், குழந்தையைப் பார்க்கவே வர மறுப்பவள், தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவள் ஆகியோருக்கு உடனடியாக மனநல மருத்துவர் தேவை. பிரசவித்த தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் வழக்கில் உள்ள எடின்பரோ வினாநிரலில் பத்தே கேள்விகள்தாம் உள்ளன. அதை எல்லாத் தாய்மாரிடமும் கேட்பதற்கு எத்தனை நேரம் ஆகிவிடும்?

இன்னொன்றையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். அந்த நோட்டு தாயுடையது. அவள் தானாகக் காட்டினால் ஒழிய மருத்துவரோ செவிலியரோ உறவினரோ அதைத் திறக்கக் கூடாது. எங்கள் வரிசையில் மூன்றாவது இன்குபேட்டர் ஒருநாள் காலையில் காலியாக இருந்தது. அந்தப் பெண்ணும் என்னைப் போலவே பால் கணக்கெழுதிக்கொண்டிருந்தவள். அவளுடைய தாள்கள் கோப்போடு சேர்ந்து உள்ளே போய்விட்டன. அப்படி வெறுங்கையோடு வீடு திரும்பும் தாயிடம் அவள் எழுதிய நோட்டை அன்றே, அவள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி