ரசீதில் எழுத முடியாத நன்றி

அன்புள்ள நேயர்களே, நண்பர்களே,

நன்றி சொல்வதுதான் என் வேலை. அமெரிக்காவில் ஒரு சிறிய பொது வானொலி நிலையத்தில் நன்கொடையாளர் தொடர்புப் பிரிவில் இருக்கிறேன். ஐந்து டாலர் வந்தாலும் ஐயாயிரம் வந்தாலும் கொடுத்தவருக்கு என் மேசையிலிருந்து ஒரு கடிதம் போகும். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர் வரிக்கழிவு கேட்க வேண்டுமானால், நாங்கள் எழுதித் தரும் ஒப்புகை அவர் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. "இந்த நன்கொடைக்கு ஈடாகப் பொருளோ சேவையோ எதுவும் வழங்கப்படவில்லை" என்ற வரி அதில் தவறாமல் வரும். சட்டம் கேட்கும் வரி அது. 2025 கோடையிலிருந்து நீங்கள் செய்தவற்றை நினைத்துப் பார்த்தால், அந்த வரியோடு கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் தபாலில் போய்விட்டன. தமிழில் பேசி எனக்குத் துணைநின்றவர்களுக்கு இதைத் தமிழில் எழுதுகிறேன்.

அந்த ஜூலை 18, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு தாண்டியதும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் வாக்கெடுப்பு முடிந்திருந்தது: 216க்கு 213. பொது ஒலிபரப்புக்கென இரண்டு ஆண்டுகளுக்கு அரசு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலர் திரும்பப் பெறப்பட்டது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த பொது ஒலிபரப்புக் கழகத்தின் வழியாக வந்துகொண்டிருந்த பணம் அது. அதில் 70 விழுக்காட்டுக்கும் மேல் உள்ளூர் நிலையங்களுக்கே நேராகப் போய்க்கொண்டிருந்தது. நகரத்துப் பெரிய நிலையங்கள் எப்படியாவது சமாளிக்கும். எங்களைப் போன்ற, ஆள் குறைந்த பகுதிகளில் கோபுரம் நட்டிருக்கும் நிலையங்களுக்கு அது மின்கட்டணம், பொறியாளர் சம்பளம், செய்தியாளர் ஒருவரின் வேலை. ஆகஸ்ட் முதல் தேதி, அந்தக் கழகமே தன் பணிகளை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது.

வாக்கெடுப்பு முடிந்த அந்த வெள்ளிக்கிழமை காலை அலுவலகக் கதவைத் திறக்கும்போதே உள்ளே தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது. பேசியவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் நன்கொடையை நிறுத்தியவர். "என் பெயர் இன்னும் உங்கள் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்படியானால் மறுபடியும் தொடங்குங்கள்" என்றார். ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்று மாலை வரை அந்தத் தொலைபேசி ஓயவே இல்லை.

மாதாமாதம் கொடுப்பவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். பெரிய காசோலை வரும் நாளில் அலுவலகமே மகிழும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டுக்கு என்ன நிகழ்ச்சி, எத்தனை செய்தியாளர் என்று இன்றே முடிவெடுக்கத் துணிவு தருவது, ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாமல் வந்து சேரும் அந்தப் பத்து டாலர்தான். இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: மாத நன்கொடையாளர்களை நாங்கள் இழப்பது பெரும்பாலும் மனக்கசப்பால் அல்ல, கிரெடிட் கார்டு காலாவதியாவதால். கார்டு மாறும், தொகை நின்றுபோகும், அவருக்கே அது தெரியாது. இந்த ஆண்டு நாங்கள் நினைவூட்டும் முன்பே நீங்களாக அழைத்துப் புதிய எண்ணைத் தந்தீர்கள். அப்படி வந்த ஒவ்வோர் அழைப்பும் எனக்குப் பெரிய நன்கொடைதான்.

சனிக்கிழமைகளில் வந்து கடிதம் மடித்து உறை ஒட்டித் தந்த தன்னார்வலர்களே, நிதி திரட்டும் வாரத்தில் அதிகாலை ஐந்து மணிக்கே வந்து தொலைபேசிக்கு முன் அமர்ந்தவர்களே, உங்களுக்கும். உங்களில் ஒரு தமிழ் அம்மா, மகள் வீட்டுக்கு வந்திருந்த நான்கு மாதங்களில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. "காசு கொடுக்காதவனும் கேட்கலாம் என்றால் ஏன் கொடுக்கிறார்கள்?" என்று அவர் ஒருநாள் கேட்டார். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, அம்மா. இப்போது சொல்கிறேன். 1949 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் லூயிஸ் ஹில் என்பவரும் அவருடைய நண்பர்களும் கே.பி.எஃப்.ஏ. என்ற வானொலியைத் தொடங்கியபோது, எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். வானொலிக்குப் பூட்டு கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. கொடுத்தவருக்கு ஒரு செய்தி, கொடுக்காதவருக்கு வேறு செய்தி என்று பிரிக்கவும் முடியாது. கேட்பவர்களே விரும்பிக் கொடுத்து நடத்தட்டும் என்று நம்பி இறங்கினார்கள். அந்த நிலையம் இன்றும் ஒலிக்கிறது. தனக்கு மட்டும் என்று யாரும் கொடுப்பதில்லை, அம்மா. இரவில் லாரி ஓட்டிக்கொண்டு போகும் யாரோ ஒருவர் கேட்கட்டும் என்றுதான் கொடுக்கிறார்கள்.

ஒரு தவறையும் இங்கே எழுத வேண்டும். இலையுதிர்காலத்தில், காலமாகிவிட்ட ஒருவரின் பெயருக்கே "உங்கள் ஆதரவைப் புதுப்பியுங்கள்" என்று கடிதம் அனுப்பிவிட்டோம். அவருடைய மறைவை மனைவி எங்களுக்கு எழுதித் தெரிவித்திருந்தார். பதிவேட்டில் அவருக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்றைத்தான் திருத்தியிருந்தேன். அந்த அம்மையார் அழைத்தபோது என் கை நடுங்கியது. அவர் கோபப்படவில்லை. கணவர் சமையலறை வானொலியை அணைக்கவே விடமாட்டார் என்று நெடுநேரம் பேசிவிட்டு, "அவர் பெயரிலேயே தொடரட்டும், நினைவு நன்கொடையாக" என்றார். அன்று மாலையே பதிவேட்டை எடுத்துவைத்து, என்னோடு மூன்று வாரம் உட்கார்ந்து இரட்டைப் பதிவுகளையெல்லாம் களைந்த சக ஊழியருக்கு என் நன்றி. அந்த அம்மையாருக்கு என்ன சொல்வது என்று இன்றும் தெரியவில்லை.

இன்னொருவருக்கு இந்த மடலில் தனி இடம் வேண்டும். எங்கள் செய்தி அறைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைச் செய்தியாளர்கள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. பல ஆண்டுகளாகப் பெருந்தொகை கொடுத்து வருபவர் ஒருவருடைய தொழிலைப் பற்றி எங்கள் செய்தியாளர் கடுமையான செய்தி ஒன்றை ஒலிபரப்பினார். மறுநாள் அந்த நன்கொடையாளர் என்னை அழைத்தார். பணம் போய்விட்டது என்றே நினைத்தேன். "அந்தச் செய்தி எனக்குப் பிடிக்கவில்லை. அதில் தவறும் எதுவும் இல்லை" என்றார். ஆண்டு முடிவில் அவருடைய காசோலை வழக்கம்போல் வந்தது. நினைவுப்பரிசாக நாங்கள் தரும் குவளையும் துணிப்பையும் வேண்டாம் என்று ஒரு சிறிய தாளில் எழுதி இணைத்திருந்தார். அந்தத் தாளை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். செய்தியாளரிடம் காட்டவில்லை. காட்டக் கூடாது.

பனிக்காலத்தில் கோபுரத்தடிக்குப் பாதை வெட்டிக் கொடுத்த பக்கத்து நிலத்துக்காரருக்கும், தாங்கள் கொடுத்த நன்கொடைக்கு இணையாகத் தங்கள் நிறுவனம் தரும் தொகையை வாங்கித் தர இரண்டு முறை படிவம் நிரப்பிய மென்பொருள் நண்பர்களுக்கும், பழைய காரை எங்களுக்கென்று கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பிய ஆசிரியைக்கும் நன்றி.

கையால் கடிதம் எழுதி அனுப்பியவர்களில் பதினான்கு பேருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அச்சிட்டு அனுப்ப மனமில்லாததால்தான் தாமதம். இந்த வாரத்துக்குள் எழுதிவிடுகிறேன்.

நன்றியுடன்,
நன்கொடையாளர் தொடர்புப் பிரிவிலிருந்து