இந்தப் பணம் எந்த மாதத்துப் பணம்?

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியை வைத்த பிறகு உன் அம்மா வெகுநேரம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு ஊர்கள், பதினொரு நடன நிகழ்ச்சிகள், பேசிய தொகையில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிட்டது என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த துள்ளல் எனக்கும் இனித்தது. அதற்குப் பிறகு, இப்போதிருக்கும் வீட்டை விட்டுக் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்க்கிறேன், கூடத்தில் ஒத்திகை பார்க்க இடம் இருக்கும் என்றாயே, அங்கேதான் என் தூக்கம் போனது. தொலைபேசியில் ஆரம்பித்தால் நீ 'சரி அப்பா, சரி அப்பா' என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவாய். கடிதமாக இருந்தால் குறுக்கே பேச முடியாது.

வீடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒன்றைத்தான் கேட்கிறேன்: கையில் இருக்கும் இந்தப் பணம் எந்த மாதத்துப் பணம்?

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்காததால், கேட்டாலும் நான் காது கொடுக்காததால், முப்பது வருடம் வயலின் வாசித்தவன் முதல் பத்து வருடத்தைத் தாறுமாறாக ஓட்டினேன். நாடகத்துக்கு வாசித்தேன், நடனத்துக்கு வாசித்தேன், ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டால் போனேன். வேலை இருந்த மாதத்தில் ராஜா, இல்லாத மாதத்தில் யாசகன். வந்த மாதத்துக்கே பணம் சொந்தம் என்று நினைத்தேன். அந்த மாதமே அதைத் தீர்த்தும் விட்டேன்.

நீ பிறப்பதற்கு முந்தைய வருடம் நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள். அந்த வருடம் ஒரு நீண்ட பயணம் முடித்து நல்ல தொகையோடு வந்தேன். நண்பர்களுக்கு விருந்து, அண்ணனுக்குக் கைமாற்று, எனக்கு ஒரு புதுக் கடிகாரம். மூன்றாம் மாதம் வீட்டு வாடகை நின்றது. அடுத்து வரவேண்டிய பாக்கி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் வயலினை அடகு வைத்தேன். கடிகாரத்தை அல்ல, வயலினை. கடிகாரத்துக்கு அவ்வளவு தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏழு வாரம் கழித்து மீட்டேன். பெட்டியைத் திறந்தால், யாரோ கம்பிகளை முழுவதும் தளர்த்திவிட்டிருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததாகத்தான் இருக்க வேண்டும். வயலினுக்குள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் விரல் கனம்கூட இல்லாத ஒரு மரக்குச்சி நிற்கும், நீ சின்ன வயதில் அதன் வளைவுத் துளை வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாய். அதை யாரும் ஒட்டி வைப்பதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஆன்மா' என்று அழைக்கிறார்கள். நான் வயலினைக் கையில் எடுத்ததும் அந்தக் குச்சி உள்ளே விழுந்து கிலுகிலுப்பை போல உருண்டது. அன்று மாலை எனக்கு வாசிப்பு இருந்தது. இரவல் வயலினில் வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று கேட்காதே. அந்தக் குழு அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. வட்டியாக நான் கட்டியதைவிட அதுதான் பெரிய வட்டி.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை. 'இனிமேல் வருகிற பணத்தையெல்லாம் என்னிடம் கொடுத்துவிடுங்கள். மாதம் ஒன்றாம் தேதி நான் உங்களுக்குச் சம்பளம் தருகிறேன்' என்றாள். கேலி என்று நினைத்தேன். கேலி இல்லை.

கடந்த இருபத்து நான்கு மாதங்களில் எனக்கு என்ன வந்தது என்று மாதவாரியாக எழுதச் சொன்னாள். நினைவில் இல்லாததை வங்கிப் புத்தகத்தில் தேடினோம். இருபத்து நான்கு எண்கள். அவற்றில் ஆறு பூஜ்யங்கள். மொத்தத்தைக் கூட்டி இருபத்து நான்கால் வகுத்தாள். வந்த விடையைப் பார்த்து, பரவாயில்லையே என்று எனக்குத் தெம்பு வந்தது. அவள் அதிலும் கால் பங்கைக் கழித்தாள். ஏன் என்றேன். 'இந்த இரண்டு வருடத்தில் அந்த ஒரு நீண்ட பயணமும் இருக்கிறது. அடுத்த இரண்டு வருடத்தில் அது இருக்குமா?' என்றாள். மீதி முக்கால் பங்குதான் என் சம்பளம். வருகிற பணம் எல்லாம் ஒரு கணக்கில் விழும். அங்கிருந்து ஒன்றாம் தேதி அந்தச் சம்பளம் மட்டும் வீட்டுச் செலவுக்கான கணக்குக்குப் போகும். பெரிய மாதமானாலும் அதே தொகை, பூஜ்ய மாதமானாலும் அதே தொகை. முதல் ஆறு மாதம் எரிச்சலாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஏழாவது மாதம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. அன்றைக்கு நான்கு மணி நேரம் சாதகம் செய்தேன். வேலை இல்லாத நாளில் பயமில்லாமல் சாதகம் செய்ய முடியும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

உன் கணக்குக்கு வருகிறேன். இந்தப் பயணத்தில் உனக்கு வரும் மொத்தத்தை நூறு என்று வைத்துக்கொள். வரிக்கு இருபதை எடுத்து வேறு கணக்கில் வை. பிடித்தம் செய்துதானே தருகிறார்கள் என்பாய். பிடித்தது உன் முழு வரி என்று யார் சொன்னது? வருடக் கடைசியில் கணக்கு வேறு மாதிரி வரலாம்; மிஞ்சினால் உனக்குத்தானே. ஆடை, ஒப்பனை, பயிற்சிக்கூட வாடகைக்குப் பத்து. உன் முழங்காலுக்கு, அதாவது உடற்பயிற்சி சிகிச்சையாளருக்கு, இன்னொரு பத்து. மீதி அறுபது. இதற்காக ஒத்திகை ஆறு வாரம் நடந்தது, அதற்கு யாரும் தனியாகத் தரவில்லை. பயணம் ஐந்து வாரம். திரும்பி வந்து உடம்பு தேற இரண்டு வாரம். அடுத்த வேலைக்கு ஆள் பார்த்து, தேர்வுக்குப் போய், பதில் வரக் காத்திருக்கும் காலம் இரண்டு மாதம் என்று குறைத்தே போடுகிறேன். ஆக, ஐந்து மாதம். அறுபதை ஐந்தால் வகு. பன்னிரண்டு. நீ பார்த்து வைத்திருக்கும் வீட்டின் வாடகை இந்தப் பன்னிரண்டில் எவ்வளவு? அதை நீயே போட்டுப் பார். நூறை மனதில் வைத்துக்கொண்டு வீடு தேடாதே.

அடுத்த முறை தொகை கூடும் என்று உனக்கு ஒரு நம்பிக்கை இருக்கும். கூடலாம். ஆனால் இந்தத் தொழிலில் ஏன் அது மெதுவாகவே கூடுகிறது என்பதற்கு வில்லியம் பாமால், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1966இலேயே விளக்கம் சொல்லிவிட்டார்கள். நால்வர் வாசிக்கும் ஒரு படைப்புக்கு இருநூறு வருடத்துக்கு முன்பும் நான்கு பேர் வேண்டும், இன்றும் நான்கு பேர் வேண்டும், நேரமும் அதேதான். தொழிற்சாலையில் இயந்திரம் வந்து வேலை வேகமாகிறது, கூலி உயர்ந்தாலும் சரக்கு அதிகம் வருவதால் ஈடுகட்டுகிறது. உன் நடனத்தை இரண்டு மடங்கு வேகமாக ஆடிவிட்டு அரை மணியில் வீட்டுக்குப் போக முடியுமா? மற்ற துறைகளின் கூலியோடு சேர்ந்து மேடையின் செலவும் ஏறும், ஆனால் உற்பத்தி ஏறாது. அதனால்தான் நிகழ்ச்சி நடத்துகிறவர் எப்போதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு நிம்மதி. குறைவாகத் தருகிறார்கள் என்றால் என் வாசிப்பை மட்டமாக நினைக்கிறார்கள் என்று வெந்துகொண்டிருந்தவன், அந்தப் பழக்கத்தை விட்டேன். பேரம் பேசுவதை மட்டும் விடவில்லை.

பிரான்சில் மேடைக் கலைஞர்களுக்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டினால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. இரண்டு வேலைகளுக்கு நடுவே வரும் வெற்று நாட்களும் இந்தத் தொழிலின் பகுதிதான் என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருக்கிறது, பார். அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத இடத்தில் இருக்கிறவர்களுக்கு அம்மாவின் நோட்டுதான் கதி.

எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும் என்பாய். ஆறு மாதச் செலவு என்று எல்லோரும் சொல்வார்கள். 2020 மார்ச் 12 அன்று கொரோனாவால் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகள் மூடின. மறுபடி வரிசையாகத் திறக்க 2021 செப்டம்பர் ஆனது. ஒன்றரை வருடம். அதற்கெல்லாம் யாரும் சேர்த்து வைத்துவிட முடியாது. நம்மிடம் அப்போது ஒன்பது மாதத்துக்கு இருந்தது. பத்தாவது மாதம் நான் பிள்ளைகளுக்குக் கணினித் திரை வழியாக வயலின் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததை நீ பார்த்தாய், பின்னால் நின்று சிரிக்கவும் செய்தாய். அந்த ஒன்பது மாதம் எனக்கு வாங்கித் தந்தது அவகாசம். வயலினை விற்றுவிடலாமா என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. நீ ஆறில் ஆரம்பி. இந்த அறுபதில் ஒரு பகுதி அங்கே போகட்டும்.

சொல்லிக்கொடுப்பதைப் பற்றி உன் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். மேடை கிடைக்காதவர்கள் செய்வது என்பார்கள். வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு வைத்திருந்தால் வாடகையில் பாதி உறுதி. சுளிக்கிற முகங்கள் வாடகை தரப்போவதில்லை.

காசில்லாமல் ஆட வரச்சொல்கிறவர்களைப் பற்றி: 'நல்ல அறிமுகம் கிடைக்கும்' என்பார்கள். போகாதே என்று சொல்லமாட்டேன், நானும் போயிருக்கிறேன், சிலவற்றுக்குச் சந்தோஷமாகவே. ஆனால் நோட்டில் எழுதிவிடு. உன் வழக்கமான தொகையை முழுதாக எழுதி, பக்கத்தில் 'கொடுத்தது' என்று போடு. வருடக் கடைசியில் அந்தப் பத்தியைக் கூட்டிப் பார். நான் முதல் முறை கூட்டியபோது ஒரு நல்ல வயலின் வில் வாங்கும் அளவுக்கு வந்தது. அடுத்த வருடம் யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக் கொடுத்தேன்.

கடன் அட்டையில் ஆடை வாங்காதே. விபத்துக் காப்பீடு எடுத்துவிடு. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் நடனம் என்றே எழுது, அலுவலகம் என்று எழுதினால் கால் போன பிறகு காசும் போகும்.

கடனைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. இளவயதில் எனக்கு மொசார்ட்டைச் சொல்லித் தேற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1788 கோடையில் அவர் புக்பெர்க் என்ற வணிக நண்பருக்குக் கடன் கேட்டுக் கெஞ்சிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அதே கோடையில்தான் கடைசி மூன்று சிம்பொனிகளையும் எழுதி முடித்தார். மேதைகளுக்கே இதுதான் கதி என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், 'அந்தக் கடிதங்கள் எழுதிய நேரத்தில் நான்காவதையும் எழுதியிருப்பார்' என்றாள். நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை பதில் கிடைக்கவும் இல்லை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று உன் குழுவில் யாரோ சொன்னதாகச் சொன்னாய். சரிதான். தூற்றியதைக் களத்திலேயே விட்டுவிட்டு வா என்று அந்தப் பழமொழியில் இல்லை.

இன்னொரு விஷயம், இதுதான் அவசரம். பாதிக்கு மேல் வந்துவிட்டது என்றாய். அப்படியென்றால் பாதிக்குச் சற்றுக் குறைவாக இன்னும் வரவில்லை. வராத பணத்தை அம்மா நோட்டில் பென்சிலால்தான் எழுதுவாள். கைக்கு வந்த பிறகு பேனாவால் அதன்மேல் எழுதுவாள். பென்சிலிலேயே நின்று மங்கிப்போனவை பல பக்கங்களில் இருக்கின்றன. உன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார். மீதித் தொகை எந்தத் தேதிக்குள் என்று எழுதியிருக்கிறதா, அல்லது 'நிகழ்ச்சிகள் முடிந்த பின்' என்று பொதுவாக விட்டிருக்கிறார்களா? அவர்கள் நிகழ்ச்சியை ரத்து செய்தால் உனக்கு எவ்வளவு? ஒளிப்பதிவு செய்து பிறகு வெளியிட்டால் அதற்குத் தனியா? இந்த மூன்றையும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசு. அதற்குள் வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிடாதே.

அம்மா தன் பழைய நோட்டை உனக்கு அனுப்பலாமா என்று கேட்கிறாள். உனக்கு எதற்கு, எல்லாம் கைப்பேசியிலேயே போட்டுக்கொள்வாய் என்றேன். இருந்தாலும் உறைக்குள் வைத்துவிட்டாள். முதல் பக்கத்தில் வயலின் மீட்ட தேதி இருக்கிறது. முழங்காலுக்கு ஐஸ் வைக்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா