வலி மாத்திரையிலிருந்து என்னை மீட்டவர்களுக்கு நன்றி மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியிருக்கும் தோட்டங்களிலும் வாழும் என் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் என் மருந்துச் சீட்டிலிருந்து டிரமடோலை டாக்டர் அடியோடு எடுத்துவிட்டார். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வருடக்கணக்கில் நான் விழுங்கி வந்த மாத்திரை அது. அதை விட்டு வெளியே வந்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. பலர் கை கொடுத்தார்கள். நேரில் பார்த்து நன்றி சொன்னால், “இதுக்கெல்லாம் போய் நன்றியா” என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதே மாத்திரையை வைத்துக்கொண்டு வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் செம்பனையில் உரம் போடும் கேங்கில் இருந்தேன். ஒரு மழைநாளில் உர வாளியோடு வாய்க்காலில் சறுக்கி விழுந்ததில் இடுப்புப் பக்கம் தண்டுவட ஜவ்வு பிதுங்கிவிட்டது. ஈப்போவில் ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் வலி முழுசாகப் போகவில்லை. அப்போது ஒரு தனியார் கிளினிக்கில் 50 மில்லிகிராம் டிரமடோல் கொடுத்தார்கள். இரண்டு மாத்திரையில் ஆரம்பித்தது, போகப்போக ஒரு நாளைக்கு எட்டு என்று ஆனது. 400 மில்லிகிராம். ஒரு நாளில் பெரியவர்கள் சாப்பிடக்கூடிய உச்ச அளவே அவ்வளவுதான் என்று பின்னால்தான் எனக்குச் சொன்னார்கள். சீட்டில் எழுதியிருந்ததற்கு மேல் ஒன்றுகூட நான் எடுத்ததில்லை. பிறகு ஒரு நாள் அதே கிளினிக்கில், “இந்த மருந்து இனிமேல் கிடையாது” என்று சொல்லி வெறும் கையோடு அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை, நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. முதலில் கொட்டாவி, தூக்கக் கொட்டாவி இல்லை, ஒன்று முடியுமுன் அடுத்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. மத்தியான வெயிலில் உட்கார்ந்திருக்கும்போதே உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. வேர்த்து ஊற்றியது, குளிரவும் செய்தது. வயிற்றுப்போக்கு. ராத்திரியில் கால் இரண்டையும் ஓர் இடத்தில் வைக்க முடியவில்லை. தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் சுரீர் என்றது, காரணமே இல்லாமல் பயம் நெஞ்சை அடைத்தது. டெங்கியாக இருக்குமோ என்று என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. என் முகத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி, “மாத்திரை எதையாவது நிறுத்திட்டியாம்மா?” முன்பு தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர், எத்தனையோ பேரைப் பார்த்தவர். காலி மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, என்னைக் கைத்தாங்கலாக அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போனார். நீங்கள் யாராவது இந்த நிலையில் போனால் அந்த அட்டைகளை மறக்காமல் எடுத்துப் போங்கள். எனக்கு மருந்தின் பேர்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. அட்டைகள்தான் எனக்காகப் பேசின.

அங்கே டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு, இது மருந்துக்குப் பழகிய உடம்பு மருந்து இல்லாமல் படும் பாடு என்றார். பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைத்து மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கும் கடிதம் எழுதினார். என்னை ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோல் அவர் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு மருந்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

பார்மசியில் இருக்கும் அந்த மலாய்த் தங்கச்சிக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கவுண்டருக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆனாலும் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். “ஜாங்ஙான் பெர்ஹெந்தி திபா-திபா, காக்.” திடீரென்று மட்டும் நிறுத்திவிடாதீங்க அக்கா என்று அதையே மூன்று நான்கு முறை சொன்னார். டிரமடோல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிற மருந்தாம். ஒன்று, மார்ஃபின் வகை மருந்துகளைப்போல வலியை அமுக்குவது. இன்னொன்று, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளைப்போல மூளையில் செரட்டோனின், நோரட்ரினலின் என்ற இரண்டையும் கூட்டுவது. அதனால் சட்டென்று நிறுத்தும்போது வயிறு, கால், வியர்வை என்று ஒரு பக்கமும், பதற்றம், தலைக்குள் அதிர்ச்சி என்று இன்னொரு பக்கமும் சேர்ந்து தாக்கலாம். உர வாளியைச் சுமந்தவளுக்கு இது சட்டென்று புரிந்தது. பாரம் ஒரு பக்கம் இழுக்க, உடம்பு மறுபக்கம் சாய்ந்து எதிர்விசை கொடுத்தே பழகியிருக்கும். வாளியை வெடுக்கென்று பிடுங்கினால் விழத்தானே செய்வோம்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். மேலே தேதி, கீழே காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி. எந்தக் கட்டத்தில் எத்தனை மாத்திரை என்று நீல மையில் எழுதினார். ராத்திரிக் கட்டத்தின் மேல் ஒரு பிறை நிலா வரைந்தார். தூக்கம் கெடாமல் இருக்க அந்த மாத்திரையைக் கடைசியில்தான் தொடுவோம் என்றார். அந்தத் தாள் எங்கள் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. சாப்பிட்டு முடித்த கட்டங்களை என் மகன் தினமும் பென்சிலால் கிறுக்கி வைப்பான்.

டாக்டர் வகுத்த கணக்கு இதுதான். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாத்திரை குறையும். பிறகு சில வாரம் அப்படியே இருக்க வேண்டும். உடம்பு ஒத்துக்கொண்டால் மட்டும் அடுத்தது. ஒரு வருடத்துக்கு மேல் இந்த மாதிரி மருந்து சாப்பிட்டவர்களுக்கு மாதத்துக்குப் பத்து சதவீதம், அல்லது அதற்கும் குறைவாக இறக்குவதே பெரும்பாலும் தாங்கும் என்று சொன்னார். நடுவில் ஒரு தடவை பழைய முதுகுவலி திரும்பி வந்து படுத்தியெடுத்தது. அளவைக் குறைக்கும்போது சில நாள் வலி கூடித் தெரிவது உண்டு, அதற்காக ஆபரேஷன் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை என்று தைரியம் சொன்னார். அந்த அளவிலேயே இன்னும் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார். கடைசி இரண்டு மாத்திரைதான் ரொம்பச் சிரமம். எட்டில் ஒன்று போவது வேறு, இரண்டில் ஒன்று போவது வேறு. இரண்டில் ஒன்று என்றால் பாதியே போய்விடுகிறதே. அதனால் அங்கே இடைவெளியை நீட்டினார்கள். என் கணக்கைப் பார்த்து யாரும் தானாகக் குறைக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அளவு வேறு, மருந்தும் வேறு. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைக்கவே கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்கக் கூடாது.

கிளினிக்கில் பார்த்த ஒரு தம்பிக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர் மெத்தடோன் வாங்க வருகிறவர், ஹெராயின் மாதிரியான போதையிலிருந்து மீளக் கொடுக்கும் மருந்து அது. நம் நாட்டில் 2005-ல் அந்தச் சிகிச்சை ஆரம்பித்தது. அந்த வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து முகத்தைச் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்த வரிசையில் நிற்பவள்தான் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. கிளம்பினால் கிளம்பட்டும். நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்து, “அக்கா, கொட்டாவி வந்து கண்ணுல தண்ணி ஊத்துதா? அது சில நாள்ல அடங்கிடும், பயப்படாதீங்க. தண்ணி மட்டும் குடிச்சிக்கிட்டே இருங்க” என்று சொன்னவர் அவர்தான். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பவில்லை. தம்பி, நீங்களும் உங்கள் சிகிச்சையை விடாமல் தொடர வேண்டும் என்று தினமும் சாமி கும்பிடும்போது வேண்டிக்கொள்கிறேன்.

தோட்டத்து மண்டோர் அண்ணனுக்கும், அதாவது எங்கள் கங்காணிக்கும், நன்றி. நான் படும் பாட்டைப் பார்த்து, மனம் பொறுக்காமல் ஒருவர் போதை தரும் கெத்தும் மரத்து இலைத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தார். இன்னொருவர் ஒரு மூடி சம்சுச் சாராயம் குடித்தால் தூக்கம் வரும் என்றார். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அண்ணன் இரண்டையும் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். கெத்தும் இலையில் உள்ள மித்ராஜினின் என்ற பொருள், மூளையில் இந்த மாத்திரை போய் உட்காரும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதையாகிவிடும். 1952-ஆம் ஆண்டின் விஷச் சட்டத்தின் கீழ் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருளும்கூட. மதுவையோ தூக்க மாத்திரையையோ இந்த மருந்தோடு சேர்த்தால் மூச்சே அடங்கிப்போகலாம். இது எதையும் அண்ணன் புத்தகத்தில் படிக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் முப்பது வருடமாக அவர் பார்க்காத சாவு இல்லை.

அந்த முதல் வாரத்தில் என் வீட்டுக்காரர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மைலோ டின்னில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்து, கட்டத்தைப் பார்த்து எண்ணி எண்ணிக் கையில் கொடுப்பார். இன்னும் ஒன்று வேண்டும் என்று நான் அழுத ராத்திரியில் அவர் கத்தவில்லை, திட்டவில்லை. சுடுதண்ணி வைத்துக் குளிக்கச் சொன்னார், நல்லெண்ணெய் தேய்த்துக் காலைப் பிடித்துவிட்டார், விடியும்வரை லயத்து வாசலில் என்னோடு மேலும் கீழும் நடந்தார். அக்கா உப்புப் போட்டுக் கஞ்சி வைத்துத் தந்தார். கிளினிக்கில் கொடுத்த உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த லோபெரமைடை மட்டும் சொன்ன அளவுக்கு மேல் எடுக்கவே கூடாது, அளவு மீறினால் இருதயத்தைக் கெடுக்கும் என்று பார்மசித் தங்கச்சி கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஈப்போவில் எனக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுத்த பிசியோ அம்மாவுக்கும், என்னைக் காரில் ஏற்றிப் போய், வந்து, எண்ணெய்க் காசு மட்டும் வாங்கிக்கொண்ட சீன அங்கிளுக்கும், நான் எழுந்து நடமாட முடியாத நாட்களில் என் தோசைக் கடையை எடுத்து நடத்திய கோயில் மாதர் குழுவினருக்கும் நன்றி. மாவு ஒரு நாள்கூடப் புளித்துப்போகவில்லை.

வலி இன்னும் இருக்கிறது. குளிர்ந்த மழைநாளில் இடுப்பு நோகும், கடையில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. ஆனால் தலை தெளிவாக இருக்கிறது, மலச்சிக்கல் விட்டுவிட்டது, மத்தியானத்தில் தூங்கி விழுவதில்லை. இப்போது பாராசிட்டமோலும் பயிற்சியும்தான். உடம்பு பழைய அளவை மறந்துவிட்டதால், என்றைக்காவது ஆசைப்பட்டு முன்பு சாப்பிட்ட அளவை ஒரேயடியாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மிச்சம் இருந்ததை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கிளினிக் பார்மசியில் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்த வகை மருந்து சாப்பிட்டுவிட்டு எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் உடனே 999-க்கு அழையுங்கள். வலிப்பு வந்தாலும் அப்படித்தான். மனசு உடைந்து போகிற நேரங்களுக்கு சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555 இருக்கிறது.

நம் ஊரில் இதே மாத்திரையோடு மாட்டிக்கொண்டு, கிளினிக்குக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் என் தோசைக் கடைக்கு வாருங்கள். காலை பத்து மணிக்குக் கடையை மூடிவிடுவேன். அடையாள அட்டையையும் காலி மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வெள்ளிதான் கட்டணம். நானும் அக்காவும் கூடவே வருகிறோம்.