பழைய டெஸ்க்டாப்பில் மூன்று மானிட்டர்: கடைக்காரரிடம் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரிய அலுவலகங்கள் கழித்துவிடும் டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கின்றன. கணக்கு எழுதுவோரும் டிடிபி வேலை செய்வோரும் அவற்றை வாங்கி இரண்டு, மூன்று மானிட்டர் மாட்டப் பார்க்கிறார்கள். அதற்காகக் கிராபிக்ஸ் கார்டு (மானிட்டர்களுக்குப் படம் அனுப்பும் அட்டை) கேட்டுப் போனால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை ஜிபி வேணும்?" அதாவது, கார்டில் நினைவகம் எவ்வளவு என்பது. இந்தக் கேள்வியால்தான் பலருடைய பணம் வீணாகிறது.

ஒரு ஃபுல் எச்டி திரையில் 1920 × 1080 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு திரைக்கு ஏறத்தாழ 8 எம்பி. நான்கு திரைக்கும் சேர்த்து 33 எம்பி. விண்டோஸும் பிரவுசரும் இதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்றாலும் எக்செல், டேலி, பிரவுசர் வேலைக்கு 2 ஜிபி கார்டு தாராளம். கேட்க வேண்டியது வேறு: ஒரே நேரத்தில் எத்தனை திரை எரியும்? எத்தனை வாட் இழுக்கும்? கேபினெட்டுக்குள் நுழையுமா?

அதற்கும் முன்னால், கார்டே தேவையா என்று பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010-ஐ எடுத்துக்கொள்வோம். பின்னால் மானிட்டர் மாட்ட ஒரு விஜிஏ, இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் என மூன்று வாய் இருக்கும். உள்ளே ஐ5-3470 போன்ற மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் இருந்தால் கார்டு இல்லாமலே மூன்று மானிட்டர் எரியும். இரண்டாம் தலைமுறை என்றால் இரண்டுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்ப்ளேபோர்ட்டில் மலிவான, சாதாரண எச்டிஎம்ஐ அடாப்டரைச் செருகினால் மூன்றாவது திரை கறுப்பாகவே நிற்கும். விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ சிக்னல் ஒவ்வொன்றுக்கும் தனி கிளாக் (சிக்னலின் வேகத்தைத் தீர்மானிக்கும் மின்துடிப்பு) வேண்டும்; அந்தக் கணினியில் இருப்பது இரண்டே. டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல்கள் மட்டும் ஒரே கிளாக்கைப் பங்கிட்டுக்கொள்ளும். சாதாரண அடாப்டர் போட்டதும் அந்தப் போர்ட் எச்டிஎம்ஐ ஆக மாறிவிடுவதால் கிளாக் போதாமல் போகிறது. சிக்னலைத் தானே மாற்றித் தரும் சிப் உள்ள ஆக்டிவ் அடாப்டர் என்று கேட்டு வாங்கினால் தீர்ந்தது. "மதர்போர்டு போச்சு" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படும் பல கணினிகளின் கோளாறு இந்த ஒரு அடாப்டர்தான்.

பழைய கார்டுகளிலும் இதே கதை. ரேடியான் எச்டி 5450, 6450 கார்டுகளில் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ என மூன்று வாய் இருக்கும். சேர்ந்து எரிவது இரண்டே திரை. வாயை எண்ணி வாங்காதீர்கள். பெட்டியிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ அதிகபட்ச டிஸ்ப்ளே எண்ணிக்கை போட்டிருக்கும், அந்த வரியைப் படியுங்கள். 2017-ல் வந்த ஜிடி 1030 நல்ல கார்டுதான், ஆனால் அதற்கும் இரண்டு திரைதான் எல்லை.

அடுத்து இடமும் மின்சாரமும். ஒல்லியான கேபினெட்டில் முழு உயரக் கார்டு நுழையாது. சுமார் 69 மி.மீ. உயரமுள்ள லோ புரொஃபைல் கார்டும், அதைக் கேபினெட்டில் பொருத்தும் குட்டை பிராக்கெட்டும் (இரும்புப் பட்டை) வேண்டும். செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது அந்த பிராக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தனியே தேடினால் எளிதில் கிடைக்காது. இந்த வகைக் கணினிகளின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) பெரும்பாலும் 240 வாட் அளவிலேயே இருக்கும், கார்டுக்கென்று தனி 6 பின் ஒயர் வராது. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் மூலம் 75 வாட் வரை கிடைக்கலாம் என்பது பொது விதி. ஆனால் சில ஒல்லி மாடல்களில் தயாரிப்பாளரே அதைவிடக் குறைவாக எல்லை வைத்திருப்பார். மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பொருந்தி வருவது என்விடியாவின் குவாட்ரோ வரிசை. பி400-ல் (P400) மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட், 30 வாட். பி620-ல் (P620) நான்கு, 40 வாட். இரண்டும் ஒரே ஸ்லாட் தடிமன், லோ புரொஃபைல். புதிதாக வேண்டுமென்றால் டி400 (T400) மூன்று திரைக்கும், டி600 (T600) நான்குக்கும். ஆபீஸ் வேலைக்கு என் தேர்வு செகண்ட்ஹேண்ட் பி620. மினி டிஸ்ப்ளேபோர்ட் அடாப்டர்களைப் பழைய கார்டோடு தரமாட்டார்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

புதியது எல்லாம் பழைய கணினிக்கு நல்லது என்றும் இல்லை. ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6400-ல் இரண்டு திரைதான். இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) உள்ள மதர்போர்டை எதிர்பார்க்கின்றன. பத்து வருடப் பழைய போர்டில் அது கிடையாது. மறுபக்கம், ஜிடி 710 போன்ற கெப்ளர் (என்விடியாவின் பழைய சிப் தலைமுறை) கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியீடு 2021-லேயே நின்றுவிட்டது. இன்று காசு கொடுத்து வாங்க வேண்டாம். அதன் எச்டிஎம்ஐ-யில் 4கே திரையை மாட்டினால் 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும்.

கேபிள் வாங்கும்போது இரண்டு விஷயம். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை. கார்டில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்று தலைகீழாக மாட்டினால் படம் வராது. பழைய விஜிஏ மானிட்டருக்கு டிவிஐ வழியாகப் போக நினைத்தால் கார்டின் டிவிஐ வாயை உற்றுப் பாருங்கள். தட்டையான நீள ஓட்டையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் சாதாரண அடாப்டர் போதும். இல்லாவிட்டால் அது டிஜிட்டல் மட்டும், ஆக்டிவ் கன்வெர்ட்டர்தான் வழி.

மாட்டும் முறை எளிது. முதலில் பயாஸை (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள். கார்டு மாட்டிப் படம் வராமல் போன பிறகு அதைச் செய்வது பெரும்பாடு. பவர் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்லாட் முனையிலுள்ள கொக்கி "டக்" என்று பூட்டும் வரை கார்டை நேராக அழுத்தி, ஸ்க்ரூ போடுங்கள். கார்டில் ஒரே ஒரு மானிட்டரை மாட்டி ஆன் செய்து, டிரைவர் ஏற்றிய பிறகு மற்றவற்றைச் சேருங்கள். விண்டோஸ் பட்டனையும் பி-யையும் (P) சேர்த்து அழுத்தி எக்ஸ்டெண்ட் கொடுத்தால் திரைகள் விரியும். கார்டு மாட்டியதும் மதர்போர்டு வாயில் இருந்த மானிட்டர் அணைந்துபோனால் பயப்பட வேண்டாம். பயாஸில் மல்டி டிஸ்ப்ளே என்பது போன்ற பெயரில் இருக்கும் வசதியை ஆன் செய்தால் பெரும்பாலும் திரும்ப எரியும்.

செகண்ட்ஹேண்ட் கார்டைக் கடையிலேயே ஓடவிட்டு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். பழைய சிப்பில் புதிய பெயரை ஏற்றி விற்கும் போலிகளை அது காட்டிக்கொடுக்கும். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பில்லில் ஜிபி போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை திரை, எத்தனை வாட், எந்த உயர பிராக்கெட் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி