நாளைய ஸ்கூபா டைவ்: ஃபோட்டேயோ கந்து

வணக்கம் நண்பர்களே. நாளை காலை 6.30-க்குத் தோணி கிளம்பும் (ஆமாம், மாலத்தீவிலும் அது தோணிதான்). இடம், வாவு அட்டோலின் (வளைய வடிவப் பவளத்தீவுக் கூட்டம்) கிழக்கு விளிம்பில் உள்ள ஃபோட்டேயோ கந்து. கந்து என்றால் பவளத்திட்டுகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழையும் வாய்க்கால்.

வடகிழக்குப் பருவம் என்பதால் நீரோட்டம் கிழக்கிலிருந்து உள்ளே தள்ளும். அதுவே நம்மைக் கொண்டுபோகும். தோணி மேலே நம் குமிழ்களைப் பார்த்தபடி பின்னால் வரும். எதிர்த்து நீந்தினால் சிலிண்டர்தான் காலியாகும்.

போன முறை நான் பிசிடியில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) கொஞ்சம் காற்றோடு குதித்துவிட்டேன். மிதந்து, தடுமாறி, கீழே இறங்குவதற்குள் குழு கந்துவின் முகப்பைத் தாண்டிவிட்டது. மற்றவர்கள் சுறா பார்த்தார்கள், நான் வெறும் நீலத்தைப் பார்த்தேன். அதனால் பிசிடியை முழுக்கக் காலி செய்துவிட்டுக் குதியுங்கள், குதித்ததும் நேராகக் கீழே.

30 மீட்டரைத் தாண்ட வேண்டாம், இங்கே சட்டமே அதுதான். துணையைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் தேடுங்கள், அப்புறம் மெதுவாக மேலே வாருங்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, நாம் இருக்கும் இடம் தோணிக்குத் தெரிய அங்கிருந்தே ஆரஞ்சு மிதவையை மேலே அனுப்புங்கள். மிதவை இல்லாதவர்கள் இன்றிரவே சொல்லுங்கள், என்னிடம் கூடுதலாக இரண்டு இருக்கிறது.