ஹாங்காங் பக்கமும் போய் வாருங்கள்

வெளிநாட்டில் வெள்ள மேலாண்மை ஆராயக் கிளம்பும் நீலகிரித் தம்பி தங்கைகளுக்கு,

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். எந்த நாடு என்று கேட்டால் சட்டென்று நெதர்லாந்து என்பீர்கள். சரி, குறை சொல்லவில்லை. 1953 வெள்ளத்தில் 1,800 பேருக்கு மேல் பறிகொடுத்த நாடு. கடலுக்குத் தடுப்பணை கட்டினார்கள். அப்புறம் நைமேகன் நகரில் ஆற்றங்கரையையே 350 மீட்டர் தள்ளிவைத்து ஆற்றுக்கு இடம் விட்டார்கள். சென்னைக்கும் கடலூருக்கும் அதில் பாடம் இருக்கிறது. நமக்கு? நம் மலையில் தண்ணீர் தேங்கி ஆளைக் கொல்வதில்லை. மண்ணை இழுத்துக்கொண்டு இறங்கிக் கொல்கிறது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் 40 பேருக்கு மேல் அப்படித்தான் போனார்கள்.

அதனால்தான் ஹாங்காங் என்கிறேன். 1972 ஜூன் 18 அன்று இரண்டே மண்சரிவுகளில் அங்கே 138 பேர் இறந்தார்கள். 1976இல் மறுபடியும் சரிந்தது. மறு வருடமே மலைச் சரிவுகளைக் கவனிக்கவென்று தனி அலுவலகம் அமைத்தார்கள். இன்று மனிதர் வெட்டிய, நிரப்பிய சரிவுகள் சுமார் 60,000 அவர்களுடைய பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும், வண்டிக்கு இருப்பதுபோல, ஒரு நம்பர். அதை வைத்து, சரிவைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த நம்பரின் அருமை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நின்றது. ஓர் அலுவலகத்தில் சொன்னேன். ரோட்டைப் பார்ப்பவர்களிடம் போகச் சொன்னார்கள். அங்கே போனால், அது பட்டா நிலம் என்றார்கள். மூன்றாவது மழைக்காலத்தில், ராத்திரியில், சுவரே பதில் சொல்லிவிட்டது. கோழிக்கூடு மட்டும் போனது, புண்ணியம்.

ஜப்பானையும் பாருங்கள், ஆனால் அவர்கள் சறுக்கிய இடத்தை. மலைச் சரிவுகளின் ஆபத்தான அடிவாரங்களை மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்க 2001 முதல் சட்டம் இருக்கிறது. அப்படியும் 2014இல் ஹிரோஷிமாவில் மண் சரிந்து 70 பேருக்கு மேல் இறந்தபோது, அடிபட்ட பல இடங்கள் எந்த மண்டலமாகவும் அறிவிக்கப்படவே இல்லை. ஏன் தாமதம், யார் தடுத்தது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். மனையின் விலை அங்கேயும் பேசியிருக்கும் என்பது என் சந்தேகம்.

லீவுக்கு வரும்போது ஒரு நோட்டோடு வாருங்கள். ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள்: எந்தச் சுவர் யாருடையது, எந்த ஓடையை யார் தூர்வாருகிறார்கள், ராத்திரி 2 மணிக்கு யாரைக் கூப்பிடுவது. எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். புதிதாகக் கட்டிய சுவரிலும் தண்ணீர் வடிய ஓட்டை விடவில்லை.

அன்புடன்,
உங்கள் ஊர் அண்ணன்