ஸ்குவாட் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு நன்றி

அக்கா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. மதுரையில் எங்கள் ஜிம்மில் காலையில் பளு தூக்குவீர்கள், அவ்வளவுதான் தெரியும். டிரெட்மில்லை விட்டு நகரத் தயங்கிய என்னை, பளு தூக்கும் கம்பியை வைக்கும் ரேக் பக்கம் அழைத்துப் போனது நீங்கள். எடைத் தட்டு மாட்டாத வெறும் கம்பியே (பார்) 20 கிலோ என்று சொல்லி, முதலில் சின்ன டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ வைத்தீர்கள், அதுதான் ஸ்குவாட். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, முழங்கால் பாதவிரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும், மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டு இறங்க வேண்டும். எல்லா செட்டும், அதாவது எல்லாச் சுற்றும், சுத்தமாக வந்த பிறகுதான் அடுத்த இரண்டரை கிலோ கூட்ட விடுவீர்கள். அந்தப் பொறுமைக்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கிற பயிற்சி எதுவும் இல்லை, செலவாகும் கலோரியை விடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால்தான் உடம்பு சேமித்ததை எடுக்கும் என்றீர்கள். தசை குறையாமல் இருக்க, உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் சுமார் 1.6 கிராம் புரதம். சோற்றை நிறுத்தச் சொல்லவே இல்லை. அளவைக் குறைத்து முட்டை, சுண்டல், மீல்மேக்கர் சேர்க்கச் சொன்னீர்கள். எடை நகராத வாரங்களில் இடுப்பை டேப்பால் அளக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

இப்போது 25 கிலோ அரிசி மூட்டையை யாரையும் கூப்பிடாமல் நானே தூக்கி வைக்கிறேன். மிக்க நன்றி அக்கா.